பொருள்: நான்கே மாதத்தில் மாவாக உதிர்ந்த சப்பாத்து, பணத்தைத் திருப்பித் தருமாறு கோரிக்கை

ஜார்ஜ் டவுன், பினாங்கு.

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் மாதம் பினாங்கில் உள்ள உங்கள் கிளையில் என் அப்பாவுக்காக ஒரு ஜோடி வெள்ளை ஸ்னீக்கர் வாங்கினேன். விலை 289 வெள்ளி (ரிங்கிட்). ஜூலை மாதம் தண்ணீர்மலைக் கோயில் படியேறும்போது வலது காலின் அடிப்பாகம் அப்படியே கழன்று படியில் தங்கிவிட்டது. நல்லவேளை, அப்பா கைப்பிடியைப் பற்றியிருந்தார். அவருக்கு வயது 71.

அந்தச் சப்பாத்தை நான் அவசரத்தில் எடுக்கவில்லை. ஓட்டச் சப்பாத்தின் தடித்த அடியில் அவர் கால் தடுமாறுகிறது. கணுக்காலை மூடும் வகையைக் கோயில் வாசலிலும் உறவினர் வீட்டிலும் குனிந்து கழற்றி மாட்ட அவரால் முடியாது. ஒரு காலத்தில் டென்னிஸ் திடலுக்காகச் செய்த அந்தத் தாழ்ந்த, தட்டையான, எளிய வடிவம்தான் அவருக்குச் சரி. அடிப்பாகம் ரப்பரா என்று இரண்டு முறை கேட்டேன். "முழுக்க ரப்பர்" என்றார் உங்கள் விற்பனையாளர்.

அப்பா கெடாவில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கழன்று விழுந்த துண்டை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினார். காய்ந்த ரொட்டி போல அது மஞ்சள் தூளாகக் கொட்டியது. "இது ரப்பர் இல்லையம்மா. ரப்பர் பழசானால் வெடிக்கும், இல்லையென்றால் பிசுபிசுக்கும். இப்படி மாவாகாது" என்றார். சப்பாத்து பழுது பார்ப்பவரும் பிரித்துப் பார்த்து அதையே சொன்னார்: வெளி விளிம்பு மட்டும்தான் ரப்பர், உள்ளே முழுவதும் பாலியூரிதேன் என்னும் நுரை பிளாஸ்டிக்.

மழையில் அணிந்ததால் வந்த சேதம், உத்தரவாதம் பொருந்தாது என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்க மாட்டேன். காற்றில் இருக்கும் ஈரப்பதமே பாலியூரிதேனைச் சிறுகச் சிறுக முறித்துவிடும். காலில் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் அது நடக்கும். ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் ஊரில் இன்னும் விரைவாக நடக்கும். சப்பாத்தின் நாக்குக்கு உள்பக்கம் தைத்திருக்கும் சிறு சீட்டைப் பாருங்கள். தயாரித்த மாதம் 2020 நவம்பர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் உங்கள் கிடங்கில் கிடந்து உள்ளுக்குள் இற்றுப்போன பொருளைப் புதுச் சரக்கு என்று முழு விலைக்கு விற்றிருக்கிறீர்கள். அப்பா அணிந்தது நான்கு மாதம்தான்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது.

289 வெள்ளியை 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். மாற்று ஜோடி வேண்டாம். அதே கிடங்கிலிருந்துதான் அதுவும் வரும். அதே தயாரிப்புத் தேதி கொண்ட மற்ற ஜோடிகளையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறொரு முதியவர் கைப்பிடி இல்லாத படியில் நின்றிருக்கக்கூடும்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். அதற்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞரும் தேவையில்லை. சப்பாத்து, ரசீது, உதிர்ந்த தூள் அனைத்தையும் அதே பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்