‘நல்லா இருக்கேன்’ என்று போனில் சொல்லும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி பட்டாளத்தில் இருக்கிற உன் வீட்டுக்காரரோடு நீ மாடியில் நின்று போனில் பேசியது எங்கள் வாசல்வரை கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, சிக்னல் கிடைக்காமல் நீதான் கத்தினாய். “நான் நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா?” சாயங்காலம்தான் தலைசுற்றி எங்கள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனாய். ஏழு மாத வயிறு வேறு.

பனியில் நிற்கிற ஆளிடம் வீட்டுக் கவலையைச் சொல்லக் கூடாது என்று எனக்கு மாமியார் சொல்லிக் கொடுத்தார். நம் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பெண் கொடுக்கிற ஊர்களில் இது சீர்வரிசையோடு வருகிற பாடம். 1999-இல் என் வீட்டுக்காரர் கார்கிலில். பெரியவனுக்கு டைபாய்டு. ‘56 ஏ.பி.ஓ.’ என்று பட்டாளத் தபால் விலாசம் எழுதி, “எல்லோரும் நலம்” என்று இன்லண்ட் லெட்டர் போட்டேன். லீவு முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். அதற்கப்புறம் நான் நிஜமாகவே நலமாக இருந்தபோதும் அவர் நம்பவில்லை. ஒவ்வொரு லீவிலும் வந்ததும் முதல் வேலை, பிள்ளைகள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுதான்.

அப்புறம் ஒன்று. கல்யாணத்துக்கு ஊரே வந்து சாப்பிட்டாலும், பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரங்களைப் பதிகிற பட்டாளத்து உத்தரவில், ஏறாதவரை பட்டாளத்துக் கணக்கில் நீ அவர் மனைவி இல்லை. அது ஏறி, டிபெண்டென்ட் கார்டும் வந்தால்தான் எம்.எச்.சில், அதாவது மிலிட்டரி ஆஸ்பத்திரியில், உனக்கு வைத்தியம். குழந்தை பிறந்தால் அதற்கும் தனியாகப் போட வேண்டும். என்னிடம் இருக்கிற இ.சி.எச்.எஸ். கார்டைப் பார்த்துக் குழம்பாதே. 2003-இல் வந்த அந்த வைத்தியத் திட்டம் பென்ஷன்காரர் குடும்பத்துக்கு.

எம்.எச். சென்னையில் இருக்கிறது. இந்த வயிற்றோடு அங்கே அலைய வேண்டாம். நாளைக் காலையிலேயே நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் ரத்த அளவும் பார்த்துவிடு, நானும் வருகிறேன். ராத்திரி தூக்கம் வராமல் மனசு அடித்துக்கொண்டால் 14416-க்குப் போடு. டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண் அது, காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள். படைவீரர் குடும்பங்களுக்கென்று 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவும் திறந்தார்கள். பைத்தியத்துக்குத்தானே என்று முகம் சுளிக்காதே. எங்கள் காலத்தில் இல்லையே என்று எனக்குப் பொறாமை.

இன்றைக்கு உன் வீட்டுக்காரர் கூப்பிட்டால் தலைசுற்றலைச் சொல். பார்ட் டூ ஆர்டர் என்ன ஆச்சு என்றும் கேள். மாடி ஏறாதே, எங்கள் திண்ணையில் இரண்டு கோடு சிக்னல் வருகிறது.

அக்கா