கதவு திறந்த வீடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆதித் திருச்சபையின் ஊழியம், அதாவது முதல் கிறிஸ்தவர்களின் நற்செய்திப் பணி என்றாலே அப்போஸ்தலர் பவுலின் பயணங்களைத்தான் பேசுகிறோம். ஊழியர்களுக்குக் கதவு திறந்த வீடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சபை கூடியதும் அந்த வீடுகளில்தான், பயணிகள் தங்கியதும் அங்கேதான்.

முன்பின் அறியாதவரை எப்படி நம்புவது? அறிமுகக் கடிதம் ஒரு வழி. கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்த பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதினார். போலிகளும் வந்தார்கள். அதனால்தான் 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் கையெழுத்துப் படியாகக் கிடைத்த 'திதாக்கே' என்ற ஆதித் திருச்சபை ஒழுங்கு நூல் இவ்வளவு கறாராகப் பேசுகிறது. வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, அதாவது போலி இறைவாக்கினர். புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பம் மட்டும் தரலாம். பணம் கேட்டால் அவரும் கள்ளத் தீர்க்கதரிசியே. குடியேற விரும்புகிறவர் தொழில் தெரிந்தவரானால் உழைத்துச் சாப்பிட வேண்டும். இதைக் கஞ்சத்தனம் என்பவர்களை என்னால் ஏற்க முடியாது. விருந்தோம்பல் சுரண்டப்படாமல் காத்த வேலி அது.

ஐக்கியம் உள்ளேயும் உடைந்தது. கொரிந்து சபை கூடி உண்ணும்போது சிலர் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடிருந்தார்கள். 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்பதே பவுல் சொன்ன தீர்வு.

எருசலேம் விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கையிலும் அதே கவனம்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி சேர்த்துவைக்க வேண்டும், அதைக் கொண்டுபோகிறவர்களைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்