கேமரா எந்தப் பக்கம் நின்றது?

அன்புத் தம்பிக்கு,

நேற்று போனில் நீ பேசிய வேகத்தில் எனக்குப் பதில் சொல்ல இடமே கிடைக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் போராட்டம் நீ பார்த்த சேனலில் கலவரம். நான் படித்த பத்திரிகையில் அமைதிப் பேரணி. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கும் என்றாய். ஒரு பொய்கூடச் சொல்லாமல் இரண்டு விதமாகவும் காட்ட முடியும், தம்பி.

1968 அக்டோபர் 27 அன்று லண்டனில் வியட்நாம் போரை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலோர் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்து முடித்தார்கள். ஒரு பகுதியினர் மட்டும் பிரிந்து அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்ப் போலீஸோடு மோதினார்கள். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உதை வாங்கும் படம். படம் உண்மைதான். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்புறம் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஊர்வலத்துக்கு வெகுமுன்பே வன்முறை வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்தன. எழுதியதற்கு ஏற்ற படத்தைத் தேடினார்கள், கிடைத்தது. அத்தனை பேர் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பது ஓரத்துக்குப் போய்விட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

தலை எண்ணுவதிலும் இதே கதைதான். ஹாங்காங்கில் 2019 ஜூன் 16 பேரணிக்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர் வந்ததாக நடத்தியவர்கள் சொன்னார்கள். போலீஸ் சொன்னது 3,38,000. அதுவும் முதலில் அறிவித்த பாதையில், கூட்டம் உச்சத்தில் இருந்தபோது எடுத்த கணக்கு. எந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறார்கள் என்பதிலேயே பாதிச் செய்தி முடிந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் பெரிய சதி தேவையில்லை. போலீஸ் அறிக்கை தயாராகக் கைக்கு வந்துவிடும். கூட்டத்தில் யாரைக் கேட்பது என்று தேடி அலைய வேண்டும். நேரமோ கழுத்தை நெரிக்கும். போலீஸ் வரிசைக்குப் பின்னால் கேமரா நின்றால் கல் நம்மை நோக்கி வரும். கூட்டத்துக்குள் நின்றால் தடி வரும். (போக்குவரத்து நெரிசலை மட்டும் எல்லாச் சேனலும் தவறாமல் காட்டிவிடுகின்றன!)

இன்று ராத்திரி செய்தி பார்க்கும்போது, போராடுகிறவர்களுடைய கோரிக்கை எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று பார்த்துச் சொல். வரவேயில்லை என்றால் அதையும் சொல். உன் அப்பாவிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுத்துவிடாதே, போனை வைக்கவே விடமாட்டார்.

அன்புடன்,
அம்மா