வளையலும் பால் பாக்கெட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உலகமே கவிழ்ந்து பேங்கும் நோட்டும் இல்லாமல் போனால் தங்கம் செல்லுமா என்று நேற்று போனில் கேட்டாய். அடுப்பில் குழம்பு இருந்ததால் 'உம்' கொட்டி வைத்துவிட்டேன். சம்பளத்தில் பாதிக்குத் தங்கக்காசு வாங்கப்போகிறேன் என்றாயே, அது ராத்திரி தூங்கவிடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் வியாசர்பாடித் தெரு தண்ணீரில் கிடந்தபோது என் கையில் ஒன்றரைப் பவுனில் இரண்டு வளையல் இருந்தது. கரண்ட் இல்லை, ஏடிஎம் இல்லை, போனும் செத்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பையன் தெர்மாகோல் பலகையில் பால் பாக்கெட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு கிராம் வளையலைக் கழற்றி நீட்டினால் மீதி என்ன தருவான்? உரைகல்லுக்கும் தராசுக்கும் எங்கே போவான்? நகையில் அடித்திருக்கும் ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணைக்கூடப் போனில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அவன் கேட்டது மெழுகுவத்தி. நாலு கொடுத்தேன், இரண்டு பாக்கெட் தந்தான்.

தண்ணீர் வடிந்து அடகுக்கடை ஷட்டர் ஏறிய பிறகுதான் வளையலுக்கு மதிப்பு வந்தது. கல்லில் ஒரு தேய்ப்பு, தராசில் ஒரு நிறுவை, கால் மணி நேரத்தில் பணம். இப்போது வீட்டில் இருக்கும் பிரிட்ஜும் மெத்தையும் அதில் வாங்கியவைதான்.

உன் ஆயா கதையும் இதேதான். 1964 மே மாதம் பர்மாவில் நெ வின் அரசு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. ஆயா பெட்டியில் பூட்டி வைத்திருந்ததெல்லாம் அந்த நோட்டுகள். இந்தியாவுக்குக் கப்பலேறும்போது சோதனையில் நகையும் போனது. பாவாடை மடிப்புக்குள் தைத்த ஒரு ஜோடித் தோடு மட்டும் தப்பியது. நான் அப்போது கைக்குழந்தை. கப்பலில் எனக்குக் கூடுதலாக ஒரு டம்ளர் பால் வாங்கித் தந்தது தோடு இல்லை, ஒரு கட்டு பர்மா சுருட்டு! தோட்டை இங்கே வந்து விற்றுத்தான் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டி போட்டார்.

கெட்ட காலத்தைத் தாண்டிவந்த பிறகுதான் தங்கத்துக்கு வேலை. அதற்கு நடுவில் அதை யாரும் சீந்தமாட்டார்கள். 2008ல் நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போன ஜிம்பாப்வேயில் துளித்துளியாகத் தங்கம் நிறுத்து ரொட்டி வாங்கினார்கள் என்றாய். சரி, அங்கே எடை போட ஒருத்தன் இருந்தான், அதை வாங்கிக்கொள்ள வெளியே ஒரு உலகமும் இருந்தது. நீ சொல்கிற மாதிரி எல்லாமே கவிழ்ந்தால் அந்த ஆள் யார்?

வாங்காதே என்று சொல்லவில்லை. பத்து கிராம் வேண்டாம், அரை கிராம், ஒரு கிராமாக வாங்கு. நகையாக வேண்டாம், செய்கூலியும் சேதாரமும் தண்டம் (அக்காவிடம் நான் இப்படிச் சொன்னதாகச் சொல்லாதே). அப்புறம் அரிசி, தண்ணீர் கேன், தீப்பெட்டி வாங்கி வை. உன் அறையில் மெழுகுவத்தி இருக்கிறதா?

வளையல் ஒன்று இன்னும் கடையில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைக்கிறேன். அந்தத் தங்கக்காசு வாங்கும் முன் இதை மீட்டுக் கொடு.

அம்மா