செயலாளரின் ஆண்டறிக்கை: பார்த்தவர்களும் பாதியில் போனவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், கட்டவிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தின் சென்ற பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. செயற்குழு விதிப்படி கூடியது. கோரம் இல்லாமல் தள்ளிப்போன கூட்டங்களும் உண்டு. மாதத் திரையிடல்கள் பெரும்பாலும் நடந்தன. குறும்படப் போட்டி நடந்தது. சிறுவர் திரையிடலுக்கு நல்ல கூட்டம். நூலகத்துக்கு ஓர் அலமாரி நன்கொடையாக வந்தது, இரவல் போன புத்தகங்கள்தான் இன்னும் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரையிட்டது பற்றித் தலைவருக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லும் இடம் இந்த அறிக்கைதான் என்று தலைவரே சொல்லிவிட்டதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அறிவியல் புனைகதைப் படங்களுக்கென்று ஒரு மாதம் ஒதுக்குவது செயற்குழு எடுத்த முடிவு. அதில் 1968இல் வந்த இந்தப் படத்தைப் போடலாம் என்றது நான். ‘உறுப்பினர்கள் தூங்கிவிடுவார்கள்’ என்று அப்போதே ஆட்சேபம் வந்தது. கடைசியில் ‘செயலாளரின் பொறுப்பில்’ என்று குறிப்பில் எழுதி அனுமதித்தார்கள். அந்த இரண்டு வார்த்தைகளின் கனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திரையிடலன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். படம் கறுப்புத் திரையோடு தொடங்கும். சில நிமிடங்களுக்குப் படமே வராது, இசையமைப்பாளர் லிகெட்டியின் இசை மட்டும் கேட்கும். அது பழுதல்ல, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வேண்டுமென்றே வைத்தது. ஆனால் நம் அரங்கில் ‘ஒலி வருது, படம் வரலை’ என்று குரல் எழும்பியது. பொருளாளர் எழுந்துபோய் புரொஜெக்டரின் கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். அதில் இசையும் நின்றுபோனது. மீண்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. ‘இரண்டு முறை இருட்டைக் காட்டினார்கள்’ என்று புகார்க் கடிதத்தில் இருப்பது இதுதான்.

அப்புறம் குரங்கு மனிதர்கள். முதல் வசனம் வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். ‘பேச்சே இல்லாத படத்துக்கு சப்டைட்டில் எதற்கு?’ என்று ஒருவர் கேட்டார், சிரிப்பு வந்தது. குரங்கு மனிதன் வீசிய எலும்பு மேலே போய் அடுத்த நொடி விண்கலமாக மாறும் இடத்தில் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பல லட்சம் ஆண்டுகளை ஒரே வெட்டில் தாண்டும் அந்த இடத்துக்குக் கிடைத்தது அந்த ஒரு கைத்தட்டல்தான்.

இடைவேளையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். டிஸ்கவரி விண்கலத்தின் கம்ப்யூட்டர் ஹால் 9000, ஆன்டெனாவின் ஒரு பாகம் 72 மணி நேரத்துக்குள் பழுதாகும் என்கிறது. கழற்றி வந்து சோதித்தால் ஒரு குறையும் இல்லை. பூமியில் இருக்கும் இன்னொரு 9000 ரகக் கம்ப்யூட்டர், ஹால் தப்பாகச் சொல்கிறது என்கிறது. விண்வெளி வீரர்கள் இருவரும் ஹாலுக்குக் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அதன் இணைப்பைத் துண்டிப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். திடீரென்று ஒலி அற்றுப்போகிறது. ஹாலின் பார்வையில் ஒரு வாய் அசைகிறது, அடுத்த வாய் அசைகிறது, மறுபடி முதல் வாய். அது உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் இடைவேளை. இந்தப் படத்தில் கதை என்று கேட்பவர்களுக்குக் கதை சூடுபிடிப்பதே அங்கேதான். சரியாக அங்கே எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் ‘கதையே இல்லை’ என்று எழுதினால் செயலாளர் என்ன செய்வது?

திரையிடல் முடிந்ததும் கருத்துத் தாள் கொடுத்தேன். இதுவும் என் ஏற்பாடுதான். இதுவரை நம் சங்கத்தில் கருத்து என்பது வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வது. இப்போது அது எழுத்தில் இருக்கிறது, கோப்பாக்கி வைத்திருக்கிறேன்.

தாள்களைப் படித்ததில், ஒரே அரங்கில் பல படங்கள் ஓடியிருக்கின்றன என்று தோன்றியது. இசை கேட்கிறவர்கள், கலம் விண்வெளி நிலையத்தோடு சேரும் இடத்தில் யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் நடன இசையைக் கண்ணை மூடிக் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். அதே காட்சியை இன்னொருவர் ‘வண்டி நிறுத்த இத்தனை நேரமா?’ என்று கேட்டிருக்கிறார். இந்தப் படத்துக்கென்றே அலெக்ஸ் நார்த் எழுதிய இசையைக் குப்ரிக் முழுக்க ஒதுக்கிவிட்டு, முன்பே இருந்த இசைத் துண்டுகளை வைத்துக்கொண்டார் என்பதை இரு தரப்புக்கும் தெரிவிக்கிறேன். இளைய உறுப்பினர் ஒருவர் ‘கிராஃபிக்ஸ் இன்றும் பழசாகவில்லை’ என்று பாராட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று கிடையாது, தம்பி. வீரர் வட்டமாக ஓடும் அந்த அறை 38 அடி விட்டமுள்ள நிஜச் சக்கரம். சக்கரம் சுழலும், நடிகர் அடியிலேயே ஓடிக்கொண்டிருப்பார். கேமராவை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் வித்தை. கடைசியில் வண்ண ஒளி பாயும் பகுதி மட்டும் நீளம்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

படத்தைப் பற்றிப் பேசக் கூடிய மறுகூட்டத்தில் சண்டை ஹாலைப் பற்றி. அது பிழை செய்ததா, பொய் சொன்னதா? எந்திரங்களோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர், ‘பழுதான கருவி எப்போதும் தன் மேல் பழி போடாது, ஆளின் மேல்தான் போடும்’ என்றார். ஹாலும் அதைத்தான் சொல்கிறது, இது மனிதத் தவறு என்று. இன்னொருவர் இதே பெயரில் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய நாவலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பயணத்தின் உண்மை நோக்கத்தை வீரர்களிடம் மறைக்கும்படி ஹாலுக்கு உத்தரவு, உண்மையைச் சொல்வதற்கென்றே உருவான அது அந்த முரணில் தடுமாறியது என்று நாவலில் விளக்கம் இருக்கிறது. ‘அப்போ முடிஞ்சுதே’ என்று எழுந்தவர்களை உட்கார வைக்கச் சிரமப்பட்டேன். நாவல் சொல்வது நாவலுக்கு. அதில் கலம் போவது சனிக்கு, படத்தில் வியாழனுக்கு. நோக்கம் ஹாலுக்கு மட்டுமே தெரியும் என்பதைப் படமும் சொல்கிறது. ஆனால் அதை ஹாலை அணைத்த பிறகு, ஒரு பதிவுச் செய்தியில், ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. காரணத்தை நம் கையில் விட்டது ஏமாற்று வேலை என்று ஒரு தரப்பு, அதுதான் மரியாதை என்று என் தரப்பு.

என் தரப்பு சிறியதுதான். ஆனால் வீரர் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்ற, ஹால் தன் மனம் போகிறது என்று சொல்லிக்கொண்டே, தனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டைக் குரல் தடித்துப் பாடும் காட்சியைப் பற்றி எல்லாத் தரப்பும் ஒரே மாதிரி எழுதியிருப்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். படம் பிடிக்கவில்லை என்றவர்கள்கூட. அந்தப் பாட்டும் கற்பனையல்ல. 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டர் பாடிய பாட்டு அது.

இனி புகார்க் கடிதம். ‘உறுப்பினர்களுக்குப் புரியாத படத்தைச் செயலாளர் திணித்தார்’ என்பது முதல் குற்றச்சாட்டு. புரியவில்லை என்பது நம் சங்கத்தின் கண்டுபிடிப்பு அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் முதல் காட்சியில், இது எதைப் பற்றிய படம் என்று யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டுக்கொண்டே நடிகர் ராக் ஹட்சன் வெளியேறியதை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். அதே ஈபர்ட் படத்துக்கு முழு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸில் ரெனாட்டா ஆட்லர், மயக்குவதற்கும் மகா அலுப்புக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றார். விமர்சகர் பாலின் கேல் கற்பனையே இல்லாத படம் என்று அடித்தார். முதல் காட்சிகள் முடிந்த சில நாட்களில் குப்ரிக்கே சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். ஆகவே நீளம் என்று சொன்ன நம் உறுப்பினர்கள் நல்ல துணையோடுதான் இருக்கிறார்கள். ஆண்ட்ரூ சாரிஸ் என்ற விமர்சகர் முதலில் குறை சொல்லிவிட்டு, மறுபடி பார்த்து மனம் மாறி எழுதினார். மறுமுறை என்ன புகைத்துவிட்டுப் பார்த்தார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார், நம் விதிமுறை அதை அனுமதிக்காது. 2022இல் சைட் அண்ட் சவுண்ட் என்ற சினிமா இதழின் வாக்கெடுப்பில் விமர்சகர்கள் இதை 6ஆம் இடத்தில் வைத்தார்கள், இயக்குநர்கள் முதல் இடத்தில் வைத்தார்கள். பட்டியலைக் காட்டி யாரையும் ரசிக்க வைக்க முடியாது, தெரியும். ஆனால் ‘திணித்தார்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறவாவது அது உதவட்டும்.

இரண்டாவது, படம் தொடங்குமுன் அர்த்தத்தைச் செயலாளர் விளக்கியிருக்க வேண்டும் என்பது. குப்ரிக்கே 1968இல் ஒரு பேட்டியில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். மோனலிசா படத்தின் அடியில், இந்தப் பெண் காதலனிடம் ஒரு ரகசியத்தை மறைப்பதால் சிரிக்கிறாள் என்று டாவின்சி எழுதி வைத்திருந்தால் இன்று நாம் அதை இப்படி ரசிப்போமா என்று கேட்டார். அவர் விளக்க மறுத்ததை நான் சங்க செலவில் விளக்க முடியாது.

மூன்றாவதாக ஒன்று கடிதத்தில் இல்லை, நான் சேர்க்கிறேன். கையெழுத்திட்டவர்களில் சிலரின் பெயர் அன்றைய வருகைப் பதிவேட்டில் இல்லை. சிலரின் பெயர் சந்தாப் பதிவேட்டில் இருக்கிறது, நிலுவை என்ற பத்தியில். பார்க்காத படத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லலாம், ஜனநாயகம். சந்தா கட்டாமல் புகார் எழுதலாமா என்பதற்கு விதிமுறையில் பதில் இருக்கிறது, படித்துப் பார்க்கவும். பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

படத்தை மறுபடி ஒருமுறை திரையிட்டேன். வந்தது குறைவு. பொருளாளர் இம்முறை கேபிள் பக்கம் போகவில்லை. முதல் தாளில் ‘தூங்கிவிட்டேன்’ என்று எழுதிய ஒரு மூத்த உறுப்பினர் திரும்பவும் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். ‘தூங்காமல் பார்த்தேன். குழந்தை பூமியைப் பார்க்கிற கடைசிக் காட்சி அழகு. மற்றபடி பிடிக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஆண்டின் சிறந்த கருத்துத் தாள் என்று அதைத்தான் சொல்வேன். அவர் சந்தாவையும் முன்பணமாகக் கட்டியிருக்கிறார் என்பது தற்செயல்.

வரவு செலவு: பொருளாளரின் கணக்கு தனியாகச் சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. மொத்தத்தில் வரவு எதிர்பார்த்த அளவு இல்லை, செலவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், வித்தியாசத்தைச் செயற்குழு உறுப்பினர்கள் சிலர் தற்காலிகமாகத் தாங்கியிருக்கிறார்கள். தற்காலிகம் என்பதை மறக்க வேண்டாம். தணிக்கையாளர் கேட்ட சில ரசீதுகள் தேடப்படுகின்றன.

அரங்கு தந்தவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 1972இல் வந்த, சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சொலாரிஸ்’ திரையிட எண்ணம். அவருக்குக் குப்ரிக்கின் படம் பிடிக்கவில்லை, உயிரில்லாமல் குளிர்ந்து கிடக்கிறது என்று நினைத்தார். ஆகவே புகார்க் கடிதக்காரர்களுக்கு இது உகந்த படம் என்று நம்புகிறேன். வேகத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அதில் ஒரு கார் டோக்கியோ சாலைகளில் நிமிடக் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். யாரும் கேபிளைத் தொட வேண்டாம்.

கருத்துத் தாள்களைத் தொகுத்துச் சிறு மலராக வெளியிடும் திட்டம் செயற்குழுவின் முன் இருக்கிறது. எதிர்க்கருத்துகளே அதிகம் இருக்கும், அவையும் வெட்டாமல் வரும். அச்சுச் செலவுதான் கேள்வி. புரொஜெக்டர் பல்பும் மங்கி வருகிறது, விண்வெளி போதுமான அளவு இருட்டாகவே இருப்பதால் இந்த ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. நிலுவை முழுதும் வந்தால் இரண்டும் நடக்கும், பாதி வந்தால் பல்பு மட்டும்.

செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்பதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சந்தா பாக்கி இல்லாத எவரும் போட்டியிடலாம். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்