ஒரு பாரத்துக்குக் கையொப்பம்: மறுபதிப்பு நிதிக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம்.

1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது உ.வே. சாமிநாதையருக்குத் துணை நின்றவர்கள் கையொப்பக்காரர்கள். புத்தகம் கைக்கு வருமுன்பே, அதற்குப் பணம் தருவதாகக் கையொப்பமிட்டு ஆதரித்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் இன்னும் பட்டுப்போகவில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறோம்.

நாங்கள் மறுபதிப்புச் செய்ய எடுத்திருப்பவை நவீன காலத்துத் தத்துவ நூல்களும் சமூகச் சிந்தனை நூல்களும். தமிழிலேயே எழுதப்பட்டவை சில, பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்தவை சில. பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய காப்பியத்துக்குப் பாடபேதம் பார்த்து, அடிக்குறிப்பு எழுதி, அகராதி சேர்த்துப் பதிப்பிக்கும் மரபு நம்மிடம் இருக்கிறது. நம் தாத்தா காலத்தில் வந்த ஒரு அரசியல் நூலுக்கு அந்த மரியாதையை நாம் இன்னும் பரவலாகக் கொடுக்கவில்லை. எங்கள் குழு கூடியதே இந்தக் குறை உறுத்தியதால்தான்.

இந்த நூல்கள் எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தன என்று யோசித்துப் பாருங்கள். லாகூரில் சாதி ஒழிப்பு மாநாடு ஒன்றில் பேச அழைக்கப்பட்ட அம்பேத்கரின் உரை, அதன் கருத்துகளை ஏற்க முடியாமல் அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட்டதால் பேசப்படாமல் போனது. 1936 மே மாதத்தில் அவர் அதைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது. மறு ஆண்டு இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் அது மொழிபெயர்க்கப்பட்டுவிட்டதாக அவரே குறிப்பிடுகிறார். மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாள மொழிபெயர்ப்புகள் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தன. அதாவது 'சாதியை அழித்தொழித்தல்' என்று இன்று நாம் சொல்லும் அந்த நூலை முதலில் தன் மொழியில் வாங்கிக்கொண்டவர்களில் தமிழ் வாசகரும் உண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. கூடவே, அந்த முதல் தமிழ் வடிவத்தை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்போம் என்ற கேள்வியும் வருகிறது.

1931 அக்டோபரில் பெரியாரின் 'குடி அரசு' இதழ், மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் தொடராக வெளியிடத் தொடங்கியது. மூலம் வெளியான 1848க்கும் அதற்கும் இடையே 83 ஆண்டுகள். பகத்சிங் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையை மொழிபெயர்த்ததற்காக, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) கைதானார். மொழிபெயர்ப்பு என்பது கைவிலங்கு வாங்கித் தரக்கூடிய வேலையாக இருந்த காலம் அது.

மறுபதிப்பு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டும் ஒரே சான்று அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, 1914இல் மறையும்வரை தாம் நடத்திய வார இதழில் அவர் ஓயாமல் எழுதினார். பௌத்தம், சாதியின் தோற்றம், மொழி, வரலாறு என்று அவர் தொடாத பொருள் குறைவு. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், ஒரு சிறு வட்டத்துக்கு வெளியே அவர் பெயர்கூடத் தெரியவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் அவருடைய எழுத்துகள் தொகுதிகளாக வெளிவந்தன. அதன்பின் தமிழில் சாதி பற்றியும் சமயம் பற்றியும் நடந்த எந்தப் பெரிய விவாதமும் அவரைத் தவிர்த்துவிட்டு நடக்க முடியவில்லை. எழுதியவர் இறந்து 85 ஆண்டுக்குப் பிறகு, ஒரு தொகுப்பின் வழியாக அவர் சமகாலத்தவராகிவிட்டார்.

"அதுதான் பழைய நூல்கள் பலவும் கிடைக்கின்றனவே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், பல கிடைக்கின்றன. ஆனால் எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டார்கள் என்ற குறிப்பு இல்லாமல், மொழிபெயர்த்தவர் பெயர்கூட இல்லாமல், இடையில் சில பத்திகளே விடுபட்டு வந்த புத்தகங்களை நாங்கள் கையில் வைத்து ஒப்பிட்டிருக்கிறோம். படிப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. எங்கள் பணத்திலும் நேரத்திலும் பெரும்பகுதி போகப்போவது இந்த இடத்தில்தான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய புத்தகத்தை ஒளிவருடி, எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று நாங்களும் தொடக்கத்தில் நினைத்தோம். தும்பிக்கை போலச் சுழித்த பழைய 'லை', 'னை' வடிவங்களைக் கண்டதும் மென்பொருள் தடுமாறுகிறது. 'குடி அரசு' 1935இலேயே எழுத்தைச் சீர்திருத்திக்கொண்டது. அரசு அதை ஏற்றது 1978இல். இடைப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் எந்த அச்சகத்தில் எந்த வடிவம் இருந்ததோ அதுவே புத்தகத்தில் இருக்கும். தேய்ந்த ஈய எழுத்தில் 'ர' எது, கால் எது என்று மனிதக் கண்ணுக்கே பிடிபடாத பக்கங்கள் உண்டு. கடைசியில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மூலப்படியோடு வரிவரியாக ஒத்துப்பார்க்கும் பழைய முறைக்கே வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு நூலுக்கும் மூன்று மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) என்று முடிவு செய்திருக்கிறோம். மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்தே தீர வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறோம். தமிழில் இந்த வேலையை நெடுங்காலமாக அன்பின் பெயரால் இலவசமாக வாங்கிவந்திருக்கிறோம். அது சரியில்லை.

சொற்களைப் பொறுத்தவரை எங்கள் முடிவு ஒன்றே: கை வைக்க மாட்டோம். சோஷலிசத்துக்கு அன்று 'அபேதவாதம்' என்றும் 'சமதர்மம்' என்றும் எழுதினார்கள். இன்று யாரும் 'அபேதவாதி' என்று சொல்வதில்லை. ஆனால் பேதம் இல்லை என்று சொல்கிற அந்தச் சொல்லில், பணக்காரன் ஏழை என்ற பேதத்தோடு பிறப்பால் வந்த பேதமும் சேர்ந்தே மறுக்கப்படுகிறது. 'வகுப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்னும்போது அது சாதியையும் மதத்தையும் குறிக்கும், தொழிலாளர் வகுப்பு என்னும்போது வர்க்கத்தைக் குறிக்கும். இதையெல்லாம் இன்றைய சொல்லாக மாற்றிவிட்டால், புதிய கருத்து ஒன்றைத் தமிழில் சொல்ல அந்தத் தலைமுறை எப்படித் தட்டுத்தடுமாறி வழி கண்டது என்பது அழிந்துபோகும். அருஞ்சொற்களுக்குப் பின்னிணைப்பில் விளக்கம் தருவோம். பனுவல் அப்படியே இருக்கும்.

அவசரத்துக்கு ஒரு காரணம் தாள். மரக்கூழிலிருந்து செய்த மலிவுத் தாளில் அமிலம் ஊறி, பக்கம் பழுப்பேறி, புரட்டினால் ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது. இன்னொரு காரணத்தைச் சொல்ல மனம் கனக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அங்கே மட்டுமே இருந்தவை திரும்பவே இல்லை. ஒரு நூல் பல ஊர்களில் பல படிகளாக இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே முதல் அச்சின் 500 படிகளில் 100 படிகளை நூலகங்களுக்கு விலையின்றி அனுப்புவோம். உரிமைச் சிக்கல் இல்லாத நூல்களின் மின்படி எல்லோருக்கும் இலவசம்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை தொடரும். மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்ப்பின்மேல் தனி உரிமை உண்டு. நாட்டுடைமையான நூல்களில் இந்தக் கவலை இல்லை. மற்றவற்றில் வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்தில் ஒப்புதல் பெற்று, உரிமைத்தொகை கொடுத்த பிறகே அச்சுக்குப் போவோம்.

இனி, உங்களிடம் கேட்பது. புத்தகத்தை நாங்கள் பாரக் கணக்கில் பார்க்கிறோம். 16 பக்கம் ஒரு பாரம். தட்டச்சு, மூன்று மெய்ப்பு, வடிவமைப்பு, தாள், அச்சு எல்லாம் சேர்த்து ஒரு பாரத்துக்கு ஆகும் செலவே நன்கொடையின் அலகு. நீங்கள் ஒரு பாரத்தை ஏற்கலாம், நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றை ஏற்கலாம், மாணவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்கலாம். நீங்கள் ஏற்ற பக்கங்கள் எவை என்று எழுதித் தெரிவிப்போம். கையொப்பமிட்டோர் பெயர்கள் பழைய வழக்கப்படி நூலின் கடைசியில் வரும். பெயர் வேண்டாம் என்றால் வராது.

ஒரு நூலின் செலவில் கால் பங்குக்கு மேல் ஒரே நபரிடமோ அமைப்பிடமோ வாங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். எந்த நூல் வர வேண்டும், எது வரக் கூடாது என்பதைப் பணம் தீர்மானிக்கக் கூடாது அல்லவா? நூல் தேர்வு குழுவின் பொறுப்பு. எங்களுக்குள் உடன்பாடில்லாத சிந்தனையாளர்களும் பட்டியலில் இருக்கிறார்கள், இருப்பார்கள். வரவு செலவுக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். ஒரு நூல் நின்றுபோனால் அதற்குத் தந்த பணத்தைத் திருப்பித் தருவோம், அல்லது உங்களைக் கேட்டு அடுத்த நூலுக்கு மாற்றுவோம்.

பணம் தர இயலாதவர்களும் எங்களுக்கு வேண்டும். வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், மூடிப்போன படிப்பகத்தின் அலமாரியில் இந்தக் காலத்துப் புத்தகமோ இதழோ இருந்தால் தெரிவியுங்கள். நாங்களே வந்து, தையலைப் பிரிக்காமல் படமெடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அட்டை போயிருந்தாலும், கரையான் அரித்திருந்தாலும், பாதிதான் இருந்தாலும் பரவாயில்லை. எங்களிடம் இருக்கும் படியில் இல்லாத பக்கம் உங்களிடம் இருக்கும் பாதியில் இருக்கலாம்.

அன்புடன்,
மறுபதிப்புக் குழுவினர்