மகளுக்கு, வெள்ளித் துகள் பற்றி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட்டைக் கலந்ததும் கரைசல் மஞ்சளாகிப் பழுப்பானதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். 420 நானோமீட்டர் பக்கம் ஒளி உறிஞ்சல் உச்சம் வந்திருப்பதால் வெள்ளி நானோ துகள் உருவாகிவிட்டது என்கிறாய். சரி. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 2004-லேயே வேப்பிலைச் சாற்றில் வெள்ளியும் தங்கமும் இப்படிச் செய்து காட்டிவிட்டார்கள். தோலில் வரும் பூஞ்சையைக் கொல்லத்தானே இதைச் செய்கிறாய்; இனி கேட்க வேண்டியது, இது நோயாளியின் தோலில் பலன் தருமா என்பதுதான்.

மருந்துக்கடையில் தினமும் படர்தாமரையோடுதான் என் பாடு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாங்களாகவே வாங்கிப் பூசுகிறார்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே போகும். போதாததற்கு, டெர்பினாஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு மசியாத ‘ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே’ என்ற பூஞ்சை வேறு. அந்த மருந்து பூஞ்சையின் ஒரே ஒரு நொதியைத்தான் பிடிக்கிறது. அதற்கான மரபணுவில் சின்ன மாற்றம் வந்தாலே பிடி நழுவிவிடுகிறது. வெள்ளி அப்படி இல்லை. சவ்வு, புரதம் என்று பல இடங்களில் தாக்குகிறது. அதனால்தான் உன் வேலை மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை.

ஆனால் பூஞ்சையின் செல் அமைப்பு பாக்டீரியாவைவிட நம்முடையதற்கு நெருக்கமானது. அதைக் கொல்லும் அளவு நம் தோல் செல்லையும் கொன்றால் என்ன பயன்? இலைச்சாற்றில் செய்தது என்பதற்காக வெள்ளி சாதுவாகிவிடாது. நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் தோலே நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே தோல் செல்களிலும் சோதித்துப் பார்.

அப்புறம், பூஞ்சைத் தட்டில் துகள் தோய்த்து வைக்கும் வட்டக் காகிதத்தைச் சுற்றி, பூஞ்சை வளராமல் தெரியும் தெளிவான வளையத்தை மட்டும் நம்பிவிடாதே. துகள்கள் தட்டிலுள்ள அகார் கூழில் சரியாகப் பரவாது. திரவ ஊடகத்தில் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடி. பக்கத்திலேயே வெறும் இலைச்சாற்றையும் அதே அளவு வெள்ளி நைட்ரேட்டையும் தனித்தனியாக வை. பூஞ்சையைக் கொன்றது துகளா, வெள்ளி அயனியா என்று அப்போதுதான் சொல்ல முடியும். ஆய்வகத்தில் பல வருடம் வளர்த்த பூஞ்சை போதாது, மருந்துக்குக் குணமாகாத நோயாளிகளிடமிருந்து எடுத்ததும் வேண்டும். உன் வழிகாட்டியிடம் கேட்டு, முறைப்படி அனுமதி வாங்கி, ஏதாவது தோல் மருத்துவப் பிரிவிலிருந்து பெற முடியுமா பார்.

இலையை எந்த மாதம், எந்த மரத்தில் பறித்தாய் என்றும் குறித்து வை. இலைக்கு இலை சத்து மாறும், துகளின் அளவும் மாறும்.

முடிவு எப்படி வந்தாலும் எனக்கு அனுப்பு, பூஞ்சை அடங்காமல் வளர்ந்த தட்டுகளின் படத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா